தராசில் நிறுத்து உண்ட தனவந்தர்

கடையில் அரிசியையும் பருப்பையும் நாள் முழுவதும் நிறுத்துக் கொடுப்பவர்கள் நாம். நம் வயிற்றுக்குள் போவதை நிறுத்துப் பார்த்தவர் நம்மில் எவருமில்லை. அப்படிப் பார்த்த ஒருவர் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டில் இருந்தார். லூயிஜி கொர்னாரோ என்னும் அவரது சரித்திரத்தை நம் வணிக அன்பர்களுக்குச் சுருக்கமாகத் தருகிறோம்.

வெனிஸ் நகரத்தவராகிய அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பாதுவா நகரில் கழித்தார். வெனிஸ் பிரபுக்களின் வரிசையில் தமக்கும் இடமுண்டென்று அவர் கோரியது நிறைவேறவில்லை. அதற்காக முடங்கிவிடாமல், சதுப்பு நிலங்களில் நீரை வடித்து விளைநிலமாக்கிப் பெரும் பொருள் ஈட்டினார். கட்டடக் கலைஞரையும் நாடகக்காரரையும் ஆதரித்தார். பாதுவாவில் 1524-ல் அவர் கட்டுவித்த மண்டபம் இன்றும் நிற்கிறது.

வாலிபத்தில் அவர் ஊணிலும் குடியிலும் அளவறியாதவர். 35 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் வயிற்று நோவு, விலாக்குத்து, கீல்வாதம், விட்டு விடாத இளங்காய்ச்சல், அடங்காத தாகம் யாவும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மருந்துகள் பலிக்கவில்லை. இனி அளவோடு வாழ்வதே வழி, சில மாதங்கள் தாமதித்தாலும் பிழைப்பது அரிது என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். இதே புத்தியை அவர்கள் முன்பும் சொல்லியிருந்தார்கள். இவரோ விரும்பியதையெல்லாம் உண்டுவிட்டு, வைத்தியரிடம் அதை மறைத்து வந்தார். இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. சென்ற வருஷம் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன பிறகும், கடையடைத்து இரவு பத்தரை மணிக்கு ஆட்டிறைச்சி ஆணத்தோடு மறுசோறு வாங்கியவர் நாமே. டாக்டரிடம் சொன்னது இரண்டு சப்பாத்தி என்று.

கொர்னாரோ இம்முறை மெய்யாகவே பயந்தார். நாவுக்கு ருசிப்பது வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற பேச்சைச் சோதித்துப் பார்த்து, தம்மைப் பொறுத்தவரை அது பொய்யென்று கண்டார். ஒத்துக்கொள்ளாதவற்றை ஒதுக்கினார். ஒத்துக்கொண்டதையும், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும்போதே நிறுத்தினார். சில நாட்களிலேயே குணம் தெரிந்தது. ஓராண்டுக்குள் நோய்கள் யாவும் விலகின. பிற்காலத்தில் அவருடைய அளவு, ரொட்டி, முட்டையின் மஞ்சட்கரு, இறைச்சி, சூப்பு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 12 அவுன்ஸ். கால் கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கூடவே 14 அவுன்ஸ் திராட்சை மது அருந்தினார். உள்ளதை மறைப்பது நேர்மையன்று என்பதால் சொல்லுகிறோம். நமக்கு அது ஹராம், ஆகவே அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். 12 அவுன்ஸையும் எல்லாருக்கும் அவர் விதிக்கவில்லை. அவரவர் உடம்புக்கு ஏற்றபடி கூடுதலாக உண்ணலாம் என்றே எழுதினார். மாத்திரை உண்ணும் சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேளாமல் சாப்பாட்டைக் குறைப்பது ஆபத்து என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுகிறோம்.

உணவோடு அவர் நிற்கவில்லை. கடும் வெயில், கடும் குளிர், அளவு மீறிய அலுப்பு, தூக்கக்கேடு, கெட்ட காற்று ஆகியவற்றுக்கு விலகி நடந்தார். துக்கத்தையும் பகையையும் மனத்தில் தங்க விடாதிருக்கவும் முயன்றார். பெரும்புள்ளிகள் சிலர் அவர்மீது வழக்குத் தொடுத்தபோது, தோற்றுவிடுவோமோ என்ற கவலையில் அவருடைய சகோதரரும் உறவினர் சிலரும் நோயுற்று இறந்தே போனார்கள். உரியவரான இவரோ கலங்காமல் இருந்து வழக்கில் ஜெயித்தார். நிலுவைப் பாக்கிக்காக இரவெல்லாம் கண் விழிக்கும் நம் கூட்டத்தார் இவ்விடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

70 வயதில் அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. குதிரைகள் அதை நெடுந்தூரம் இழுத்துச் சென்றன. தலையும் உடம்பும் காயமாகி, ஒரு கையும் ஒரு காலும் பிசகின. மூன்று நாள் தாங்கமாட்டார் என்றார்கள் வைத்தியர்கள். இரத்தம் எடுக்கவும் பேதிக்குக் கொடுக்கவும் முற்பட்டார்கள். அவர் மறுத்து, கைகால்களைச் சரிசெய்து எண்ணெய் தடவச் சொன்னதோடு விட்டார். பிழைத்தும் எழுந்தார்.

78 வயதில் வந்த ஆபத்தோ அன்பினால் வந்தது. வயதான காலத்தில் இவ்வளவு கொஞ்சமாக உண்ணலாமா என்று வீட்டாரும் நண்பர்களும் ஓயாது வற்புறுத்த, 2 அவுன்ஸ் கூட்டினார். சில நாட்களில் முகம் வாடியது, யாரைக் கண்டாலும் எரிச்சல் வந்தது. பன்னிரண்டாம் நாள் விலாவில் கடும் வலி, அதன்பின் 35 நாள் காய்ச்சல். பழைய அளவுக்குத் திரும்பியே உயிர் தப்பினார். விருந்தாளியின் சஹனில் வேண்டாம் என்னச் சொல்லியும் மேலும் மேலும் அள்ளிப் போடுவதை மரியாதையென்று நினைக்கிறோமே, அதுதான் அங்கும் நடந்தது.

அளவான வாழ்வைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1558-ல் வெளியாயிற்று. பின்னும் மூன்று சிறு நூல்கள் எழுதினார். பல மொழிகளில் அவை பெயர்க்கப்பட்டன. துணையின்றிக் குதிரை ஏறியதையும், குன்றுகளில் நடந்ததையும், பேரப்பிள்ளைகள் பதினொருவரோடு மகிழ்ந்திருந்ததையும் அவற்றில் எழுதியிருக்கிறார்.

வயதுக் கணக்கில் மட்டும் கொஞ்சம் இடறல் உண்டு. கடைசி நூலில் தமக்கு 95 என்று சொன்னார். ஆராய்ச்சியாளர் பலர் அவர் 1484-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்கிறார்கள். மேல் சொன்ன வயதுகளும் அவர் சொன்னபடியே. உணவை அவுன்ஸ் தப்பாமல் நிறுத்தவர் வருஷங்களை மட்டும் ஏன் தாராளமாக எண்ணினாரோ! 1566-ல் பாதுவாவில் அவர் இறந்தார். குறைந்த கணக்கின்படி பார்த்தாலும் அப்போது வயது 80-ஐத் தாண்டிவிட்டது. நாற்பதோடு முடிந்தது என்று வைத்தியர்கள் எண்ணிய உயிர் அது.