நான்கு தாலி கண்ட கூடலூர்ப் பெண்
பிரிட்டிஷ் பிரதமரின் பாட்டி பேகம் ஜான்சனின் வாழ்க்கை

சென்னைக்குத் தெற்கே, அடையாற்றின் கரையில் இருக்கிறது அனகாபுத்தூர். நெசவுக்குப் பெயர்போன ஊர். அங்கே நெய்த கட்டம் போட்ட துணி, கப்பலேறி ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா வரை போயிற்று.

தமிழ்நாட்டுத் தறித்துணிக்கு ஆசைப்பட்டுத்தான் கிழக்கிந்தியக் கம்பெனியாரும் கடல் தாண்டி இங்கே வந்தார்கள். சென்னையில் கோட்டை கட்டினார்கள். கூடலூருக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டையை 1690-ம் ஆண்டில் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அவ்வளவு நிலமும் அவர்களுக்குச் சொந்தம் என்று பேச்சு. அதனால் அந்தக் கிராமங்களுக்குக் "குண்டு கிராமம்" என்றே பெயர் வந்தது. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கோட்டையின் கவர்னராக இருந்தவர் எட்வர்ட் குரோக். அவருடைய இரண்டாவது மகள்தான் பிரான்சிஸ். பிறந்தது 1725-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி என்று அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறது.

பதின்மூன்று வயதில் கல்யாணம்

1738-ல் பிரான்சிசுக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்போது வயது பதின்மூன்று! மாப்பிள்ளை பாரி டெம்பிளர், கல்கத்தா கவர்னரின் உறவினர். இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் சிசுவாகவே இறந்தன. கணவரும் மாண்டார். இளம் வயதிலேயே பிரான்சிஸ் விதவை ஆகிவிட்டார்.

பிறகு ஜேம்ஸ் ஆல்தம் என்பவரை மணந்தார். மணமாலை வாடவில்லை. அதற்குள் மாப்பிள்ளைக்கு வைசூரி கண்டது. கல்யாணம் ஆன சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார். இரண்டாம் முறையும் விதவை!

மூன்றாவதாக வில்லியம் வாட்ஸ் என்ற கம்பெனி அதிகாரியை மணந்தார். இந்த வாழ்வு நிலைத்தது. அமீலியா, எட்வர்ட், சோபியா, வில்லியம் என்று நான்கு குழந்தைகள் பிறந்தன. வில்லியம் மட்டும் சிறு குழந்தையாகவே இறந்துவிட்டான்.

அரண்மனையில் அடைக்கலம்

வாட்ஸ் வங்காளத்தில், காசிம்பசார் என்ற ஊரில் கம்பெனி வியாபாரத்துக்குத் தலைவராக இருந்தார். 1756-ல் வங்காள நவாபு சிராஜ் உத்தவுலாவுக்கும் கம்பெனிக்கும் சண்டை மூண்டது. நவாபின் படை காசிம்பசாரைப் பிடித்தது. வாட்ஸ் கைதியானார். பிரான்சிஸ் பிள்ளைகளுடன் தவித்து நின்றார்.

அப்போது கைகொடுத்தது யார் தெரியுமா? நவாபின் குடும்பத்துப் பெண்மணியான பேகம்தான்! எதிரியின் மனைவி என்று பாராமல், தாயையும் பிள்ளைகளையும் அந்தப்புரத்தில் வைத்துக் காப்பாற்றினார். பிறகு பிரெஞ்சுக்காரரின் சந்திரநாகூருக்குப் பத்திரமாக அனுப்பி வைத்தார்.

அந்த உதவியைப் பிரான்சிஸ் சாகும்வரை மறக்கவில்லை. வாய் ஓயாமல் அந்தக் கதையைச் சொல்வார். அதனால் ஊரார் அவருக்கே "பேகம்" என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

ஆனால் 1757-ல் பிளாசிப் போருக்கு முன்னால், நவாபைக் கவிழ்க்கும் சதியில் முன்நின்றவர்களில் வாட்சும் ஒருவர். திரை மூடிய பல்லக்கில், பெண்கள் போவதுபோல் மறைந்து போய், நவாபின் தளபதி மீர் ஜாபரிடம் சத்தியம் வாங்கி வந்தார். எந்த வீடு அவருடைய மனைவி மக்களைக் காத்ததோ, அந்த வீடு அவருடைய கையாலேயே சரிந்தது. சரித்திரம் சில நேரம் இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறது.

மீண்டும் கப்பல் ஏறினார்

1760-ல் வாட்ஸ் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குப் போனார். 1764-ல் காலமானார். பிரான்சிஸ் மூன்றாம் முறையாக விதவை ஆனார்.

அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டப்படி, மணமான பெண்ணின் சொத்து கணவனுக்கே உரியது. விதவையானால் தன் பணத்தைத் தானே ஆள முடியும். பிரான்சிஸ் கையில் பணம் இருந்தது. ஆனால் பிறந்து வளர்ந்தது இந்தியாவில் அல்லவா? இங்கிலாந்து அவருக்கு அந்நிய ஊராகவே இருந்தது. 1769-ம் ஆண்டு வாக்கில் மீண்டும் கப்பல் ஏறினார். கல்கத்தாவில் வந்து இறங்கினார்.

1774-ல் வில்லியம் ஜான்சன் என்ற பாதிரியாரை மணந்தார். பேகம் ஜான்சன் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. அந்த மண வாழ்வு இனிக்கவில்லை. 1788-ல் ஜான்சன் தனியே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். வருடந்தோறும் அவருக்குப் பணம் அனுப்ப பேகம் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: அவர் வங்காளத்துக்குத் திரும்பக் கூடாது!

அதன்பின் அந்த அம்மாள் வீட்டில் மாலைதோறும் சீட்டாட்டமும் பேச்சும்தான். கவர்னர் ஜெனரல்களும் வந்து உட்கார்ந்து கதை கேட்டார்கள். 1812 பிப்ரவரி 3-ந் தேதி அவர் காலமானார். அடக்கம் நிறுத்தப்பட்டிருந்த செயின்ட் ஜான் ஆலயத் தோட்டத்தில் அவருக்கென்று இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

பேரன் பிரதமர்

மூத்த மகள் அமீலியா இங்கிலாந்தில் சார்லஸ் ஜென்கின்சன் என்பவரை மணந்திருந்தார். 1770-ல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சில வாரங்களில் தாய் இறந்தார். பாட்டியோ கல்கத்தாவில், பல மாதக் கப்பல் பயணத் தொலைவில் இருந்தார்.

தாயில்லாமல் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் லிவர்பூல் பிரபு. பாட்டி இறந்து நான்கு மாதம் கழித்து, 1812 ஜூனில், பிரிட்டனின் பிரதமர் ஆனார். 1827 வரை பதினைந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக அந்தப் பதவியில் இருந்தார். நெப்போலியனை வாட்டர்லூவில் வென்றபோது பிரதமர் அவர்தான்!

கல்லில் இல்லாத பெயர்

பேகம் ஜான்சனின் கல்லறையில் அவருடைய வாழ்க்கையே எழுதியிருக்கிறது. தகப்பனார் பெயர், நான்கு கணவர் பெயர், பிள்ளைகள் பெயர், பேரன் பெயர் எல்லாம் உண்டு. பெற்ற தாயின் பெயர் மட்டும் இல்லை.

அந்தத் தாயின் பெயர் இசபெல்லா. இந்தியாவில் தங்கி, இங்கே பெண் கொடுத்துப் பெண் எடுத்த போர்த்துகீசிய வம்சத்தைச் சேர்ந்தவர். அவர் வழியாகத்தான் பிரிட்டிஷ் பிரதமரின் உடலில் இந்திய ரத்தம் ஓடியது என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஆனால் கல் அதைச் சொல்லவில்லை.

உலகம் எங்கும் இதே கதைதான். அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போன விதவைப் பாட்டிகளைப் பேரப் பிள்ளைகள் இன்றும் தேடுகிறார்கள். 1922-ல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்ததில் பழைய ஏடுகள் பல சாம்பலாயின. எரியாத ஏட்டிலும் பெண்ணின் பெயர் கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறிவிடுகிறது. ஆணைத் தேட ஒரு பெயர் போதும். பெண்ணைத் தேட, அவள் பிறந்த வீட்டுப் பெயரும் வேண்டும்.

உங்கள் பாட்டியைப் பெற்றவளின் பெயர் என்ன? எந்த ஊரில் பிறந்தாள்? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கல் மறந்துபோனதைக் காகிதமாவது காப்பாற்றட்டும்.