மருந்தடித்த சுவர்களும் றேச்சல் கார்சனும்

மருந்தடிக்க வருகிறார்கள் என்றால் அன்றைக்கு வீடு முழுவதும் முற்றத்துக்கு வந்துவிடும். பானை சட்டி, பாய் தலையணை, நெல் மூட்டை எல்லாம் வெளியே. தோளில் பம்பு கொழுவிய ஆட்கள் வந்து சுவர், கூரை, கதவின் பின்பக்கம் என்று விசிறிவிட்டுப் போவார்கள். காய்ந்தபின் சுவரில் வெள்ளையாகப் படிந்திருக்கும். வன்னியிலும் கிழக்கிலும் வளர்ந்து இப்போது அறுபதைக் கடந்துவிட்ட எம்மவர் பலருக்கு அந்த மணம் மறந்திருக்காது. அதைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. மலேரியாவில் நடுங்கிப் படுத்த வீட்டில் மருந்தை யார் குறை சொல்லப் போகிறார்கள்?

அந்த மருந்தின் பெயர் டி.டி.ரி. நாம் இன்று வாழும் நாடுகளில் எமது பேரப்பிள்ளைகள் அதன் பெயரைப் பாடசாலையில் படிக்கிறார்கள். உலகைக் கெடுத்த நஞ்சு என்றும், றேச்சல் கார்சன் என்ற பெண் அதற்கு எதிராக எழுதினார் என்றும் படிக்கிறார்கள். இணையத்தில் இன்னொரு கதையும் அவர்களுக்குக் கிடைக்கிறது. அந்தப் பெண்ணின் புத்தகத்தால்தான் டி.டி.ரி. நிறுத்தப்பட்டது, அதனால் ஏழை நாடுகளில் இலட்சக்கணக்கானோர் மலேரியாவில் மாண்டார்கள், அதற்கு இலங்கையே சாட்சி என்பது அந்தக் கதை. எங்கள் ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள் என்றால் நாமும் கொஞ்சம் வாய் திறக்கவேண்டும். அதற்கு முன் அவரது வாழ்க்கையைத் தெரிந்துகொள்வோம்.

றேச்சல் கார்சன் 1907 மே 27 ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலகெனி ஆற்றங்கரையில் உள்ள ஸ்பிறிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் கடைசி. பெரிய வசதியில்லாத குடும்பம். தாய் மரியா மகளை அழைத்துக்கொண்டு காடு, தோட்டம் என்று சுற்றிக் குருவிகளையும் பூச்சிகளையும் காட்டிக்கொடுத்தார். அதே ஊரில் பசைத் தொழிற்சாலையின் நாற்றமும் இருந்தது. பின்னர் ஆற்றங்கரையில் மின்நிலையங்களும் வந்தன. பதினொரு வயதில் இவரது முதற் கதை சிறுவர் சஞ்சிகை ஒன்றில் அச்சாகியது. எழுத்தாளராகும் எண்ணத்துடன் பெண்கள் கல்லூரிக்குப் போனவர், அங்கே ஓர் ஆசிரியையின் தாக்கத்தால் உயிரியலுக்கு மாறினார். 1929 இல் பட்டம். அந்தக் கோடையில் வூட்ஸ் ஹோல் கடல் ஆய்வுகூடத்துக்குச் சென்றபோதுதான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைக் கண்டார். கடலோரம் பிறந்து வளர்ந்த எம் போன்றவர்களுக்கு இது வியப்பு. இருபத்திரண்டு வயதுவரை கடலையே காணாத ஒருவர், பிறகு கடலைப் பற்றி உலகம் விரும்பிப் படித்த புத்தகங்களை எழுதினார்.

1932 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். மேலே படிக்கப் பணமில்லை. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம். 1935 இல் தந்தை இறந்தார். அரசாங்க மீன்பிடித் திணைக்களத்துக்கு வானொலித் தொடர் எழுதிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு அரச சேவைப் பரீட்சை எழுதி அதே திணைக்களத்தில் உத்தியோகத்தரானார். 1937 இல் தமக்கையும் இறந்துவிட, இரண்டு பெறாமகள்மாரையும் வளர்க்கும் பொறுப்பு இவர் மீதும் தாய் மீதும் விழுந்தது. பகலில் அலுவலகம், இரவில் எழுத்து, வீட்டில் ஒரே சம்பளம். புலம்பெயர்ந்து வந்து இரண்டு வேலை செய்து குடும்பம் காத்தவர்களுக்கு இந்தப் பெண்ணின் இரவுகள் எப்படியிருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

முதற் புத்தகம் 1941 நவம்பரில் வந்தது. அடுத்த மாதம் பேர்ள் ஹாபர் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியது. புத்தகத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து 1951 இல் வெளியான கடல் பற்றிய இரண்டாவது நூல்தான் வாழ்க்கையை மாற்றியது. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் 86 வாரங்கள் நின்றது. தேசிய நூல் விருதும் கிடைத்தது. 1952 இல் உத்தியோகத்தை விட்டார். மேய்ன் மாநிலத்துக் கடற்கரையில் சிறு வீடு ஒன்றைக் கட்டினார். இனிமேல் நிம்மதியாக எழுதலாம் என்று எண்ணியிருப்பார். 1957 இல் பெறாமகள்களில் ஒருவர் இறந்தார். அவரது மகன் றொஜருக்கு ஐந்து வயது. ஐம்பதாவது வயதில் றேச்சல் அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்தார்.

டி.டி.ரி. பூச்சிகளைக் கொல்லும் என்று 1939 இல் கண்டறிந்தவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த போல் முல்லர். போரில் படையினரை தைபஸ் காய்ச்சலிலிருந்தும் மலேரியாவிலிருந்தும் அது காத்தது. 1948 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. போர் முடிந்ததும் அதே மருந்து வயல்களுக்கும் நகரத்து மரங்களுக்கும் விமானத்தில் ஏறிப் போயிற்று. இதன் விளைவு குறித்து எழுதலாமா என்று 1945 இலேயே றேச்சல் ஒரு பிரபல சஞ்சிகையைக் கேட்டார். அவர்கள் விரும்பவில்லை. 1958 ஜனவரியில் மசாசுசெற்ஸ் மாநிலத்திலிருந்து ஒரு சினேகிதியின் கடிதம் வந்தது. நுளம்பை ஒழிக்கவென்று விமானத்திலிருந்து மருந்து தெளித்தபின் தமது வளவில் குருவிகள் செத்து விழுகின்றன என்று அதில் எழுதியிருந்தார். வேறு யாராவது எழுதட்டும் என்றுதான் றேச்சல் முதலில் முயன்றார். பிறகு தாமே உட்கார்ந்தார்.

நான்கு ஆண்டுகள் ஆராய்ச்சி அறிக்கைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்றொரு ஏரி. மீன்பிடிக்க வருபவர்களுக்குச் சிறு கொசுக்களால் தொல்லை. அவை கடிப்பதுகூட இல்லை. அதற்காக டி.டி.ரி.யின் உறவான இன்னொரு மருந்தை 1949 முதல் மூன்று முறை ஏரியில் கலந்தார்கள். தண்ணீரில் அதன் அளவு கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாத சிறு அளவு. தண்ணீரிலிருந்து நுண்ணுயிர்களுக்குள் போனது, அவற்றைத் தின்ற சிறு மீனுக்குள், அதைத் தின்ற பெரிய மீனுக்குள், கடைசியில் மீனைத் தின்னும் முக்குளிப்பான் பறவைக்குள். ஒவ்வொரு படியிலும் கொழுப்பில் தங்கித் தங்கிக் கூடியது. பறவையின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து இலட்சத்தில் 1,600 பங்கு இருந்தது. ஆயிரம் சோடிக்கு மேல் இருந்த முக்குளிப்பான்கள் முப்பது சோடியளவுக்கு வந்தன. மிச்சிகனில் எல்ம் மரங்களுக்கு அடித்த மருந்து இலையோடு உதிர்ந்து, இலையைத் தின்ற மண்புழுவுக்குப் போய், மண்புழுவைத் தின்ற றொபின் குருவியைக் கொன்றது. பதினொரு பெரிய மண்புழுக்களில் இருக்கும் நஞ்சே ஒரு குருவியைக் கொல்லப் போதும் என்ற கணக்கும் அந்த நூலில் உண்டு.

இன்று எமது பிள்ளைகள் காலநிலை மாற்றம், கடலில் பிளாஸ்ரிக், அழியும் தேனீக்கள் என்று பெரிய பட்டியல் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் பல இடங்களில் இதே கணக்குத்தான் ஓடுகிறது. ஓரிடத்தில் விட்டது அங்கேயே நிற்பதில்லை, சங்கிலியில் ஏறி வேறெங்கோ போய்ச் சேர்கிறது. இதைச் சாதாரண குடும்பத்தவர்களுக்கும் விளங்கும்படி எழுதியதுதான் றேச்சல் செய்த பெரிய காரியம் என்பது எமது எண்ணம்.

எழுதிக்கொண்டிருந்தபோதே, 1958 டிசம்பரில் தாய் இறந்தார். 1960 இல் மார்பில் சத்திரசிகிச்சை. புற்றுநோய் என்று மருத்துவர் அவரிடம் நேராகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. நோய் பரவியபின் வேறொரு மருத்துவரிடம் போய்த்தான் உண்மையை அறிந்தார். கதிர் சிகிச்சை எடுத்துக்கொண்டும், சில நாட்கள் பேனா பிடிக்க முடியாமலும் அத்தியாயங்களை முடித்தார். நோயை வெளியே சொல்லவில்லை. இரசாயனங்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி எழுதுபவருக்கே அந்த நோய் என்று தெரிந்தால், சொந்தத் துயரத்தில் எழுதினார் என்று தட்டிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

1962 ஜூனில் நியூயோர்க்கர் சஞ்சிகையில் தொடராகவும் செப்டெம்பரில் நூலாகவும் ‘சைலன்ற் ஸ்பிறிங்’ வெளிவந்தது. மௌன வசந்தம் என்று தமிழில் சொல்லலாம். குருவிச் சத்தமில்லாத வசந்தம். இரசாயனக் கைத்தொழில் கொதித்தது. ஒரு நிறுவனம் வழக்குப் போடுவோம் என்று பதிப்பாளரை மிரட்டியது. இன்னொன்று நூலைக் கேலி செய்து கட்டுரை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பியது. உணர்ச்சிவசப்பட்ட பெண் என்றார்கள், கொம்யூனிஸ்ற் என்றார்கள். கலியாணம் கட்டாதவருக்கு வருங்காலச் சந்ததியைப் பற்றி என்ன கவலை என்றும் கேலி பேசினார்கள். பேசியவர்களுக்கு வீட்டில் ஒரு பையன் சாப்பாட்டுக்குக் காத்திருந்தது தெரியாது.

1963 ஏப்ரலில் சி.பி.எஸ். தொலைக்காட்சி இது பற்றி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. விளம்பரதாரர் ஐவரில் மூவர் கடைசி நேரத்தில் விலகினர். திரையில் றேச்சல் பொய்முடி அணிந்து, அமைதியான குரலில் பேசினார். மே மாதம் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு தனது அறிக்கையில் பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது. ஜூன் 4 ஆம் திகதி செனற் உபகுழுவின் முன் சாட்சியமளித்தார். அடுத்த வசந்தத்தில், 1964 ஏப்ரல் 14 ஆம் திகதி, 56 ஆவது வயதில் மேரிலாந்தில் காலமானார். அஸ்தியில் ஒரு பாதி தாயின் அருகே புதைக்கப்பட்டது. மறு பாதியை நெருங்கிய தோழி டொரதி மேய்ன் கடலோரத்தில் தூவினார். 1970 இல் அமெரிக்காவில் சூழல் பாதுகாப்பு முகவர் நிலையம் உருவானது. 1972 இல் அது டி.டி.ரி.யின் விவசாயப் பாவனையைத் தடைசெய்தது.

இனி எங்கள் சாட்சியம். 1934, 35 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொன்றது. 1946 இல் கூட நோயாளர் ஏறக்குறைய 28 இலட்சம். வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடிக்கத் தொடங்கியபின் எண்ணிக்கை சரிந்து, 1963 இல் முழுத் தீவிலும் வெறும் 17 ஆனது. அந்த வெற்றியை நாம் மறுக்கவில்லை. எமது தாய் தகப்பன்மாரில் எத்தனை பேர் அந்த வெள்ளைச் சுவர்களால் உயிர் தப்பினார்களோ. நோய் ஒழிந்தது என்று எண்ணித்தான் மருந்தடிப்பை நிறுத்தினார்கள். காட்டுச் சேனைக்கும் மாணிக்கக் குழிகளுக்கும் போய்வந்தவர்களோடு நோயும் திரும்பியது. 1969 இல் நோயாளர் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர். அரசாங்கம் மறுபடியும் டி.டி.ரி.யைத்தான் அடித்தது. யாரும் தடுக்கவில்லை. அமெரிக்கத் தடையோ 1972 இல்தான் வந்தது, அதுவும் அந்த நாட்டுக்கு மட்டும். இந்த முறை நுளம்பு முன்போல் சாகவில்லை, பழகிவிட்டது. எழுபதுகளின் பிற்பகுதியில் மலத்தியோனுக்கு மாறினார்கள். மருந்தைக் கண்டபடி அடித்தால் நுளம்பு பழகிவிடும், பிறகு நோயைத் தடுக்க அந்த மருந்து உதவாது என்று மௌன வசந்தத்தின் பிற்பகுதியில் றேச்சல் எழுதியிருந்தார். எல்லாப் பூச்சிமருந்தையும் நிறுத்தச் சொல்லி அவர் எழுதவில்லை. 2001 இல் உருவான ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கைகூட நோய்த் தடுப்புக்கு டி.டி.ரி.யை அனுமதிக்கிறது.

எமக்கும் அவரிடத்தில் ஒரு குறை உண்டு. அமெரிக்கத் தோட்டத்துக் குருவிகளுக்குக் கிடைத்த பக்கங்களில் ஒரு சிறு பங்காவது மலேரியாவிலிருந்து பிழைத்த வீடுகளுக்குக் கிடைத்திருக்கலாம். சுவரில் அடித்த மருந்துக்கும் வயலில் கொட்டிய மருந்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த நூலைப் படிப்பவருக்கு இன்னும் தெளிவாக விளங்கியிருக்கும்.

வயலில் கொட்டியதும் எமக்குத் தெரிந்ததே. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடித்தது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கினால் எங்கே போகும்? அதே கிணற்றுக்குத்தான். மருந்துப் போத்தல் அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இலங்கையில் உயிரை மாய்த்துக்கொண்டோரின் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை 1984 இலிருந்து ஒவ்வொன்றாகத் தடைசெய்யத் தடைசெய்ய அந்த விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. விளைச்சல் குறையவில்லை. அந்தத் துக்கம் நடந்த வீடுகள் எமது உறவுகளுக்குள்ளும் உண்டு என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

மலேரியாவின் கதை போருக்குள்ளும் தொடர்ந்தது. இரத்தப் பரிசோதனை, மருந்தூட்டிய நுளம்பு வலை, வேறு மருந்துகளை அளவோடு சுவரில் விசிறுதல் என்று வடக்கிலும் கிழக்கிலும்கூட வேலை நடந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அப்போது அங்கே சுவர்களுக்கு டி.டி.ரி. அடித்து நாற்பது ஆண்டுகள்வரை ஆகியிருந்தன.