தமிழில் டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படிச்சுட்டு, முதல் செமஸ்டரில் தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தைத் திறந்து முழிச்சவங்க நம்மில் நிறைய பேர் இருப்பீங்க. உயர்ந்த படிப்புன்னா ஆங்கிலத்தில்தான்னு நமக்குப் பழகிப்போச்சு. ஆனா 150 வருஷத்துக்கு முன்னாடியே யாழ்ப்பாணத்தில் அலோபதி மருத்துவத்தை முழுக்க முழுக்கத் தமிழில் சொல்லிக்கொடுத்த ஒருத்தர் இருந்தார். அவர் தமிழரும் இல்லை. பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

1822-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-ல் பட்டம் வாங்கினார். நகரத்திலேயே கிளினிக் போட்டு நல்லா சம்பாதிச்சிருக்கலாம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக முக்கியக் காரணமா இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பம். ஆனா தம்பி, அமெரிக்க மிஷன் அனுப்பிய மருத்துவராக 1847-ல் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறி வந்துட்டார். அப்போ வயசு ஏறக்குறைய 25.

அடுத்த வருஷமே மானிப்பாயில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார். கூடவே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பும் நடத்தினார். வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. இங்கேதான் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் மருத்துவம் படிச்சு முடிச்சவங்களுக்கு அரசாங்க வேலையும் வெளியூர்ச் சம்பளமும் கிடைக்கும். படிச்சவர் கிளம்பிடுவார். காலராவும் பேதியும் வந்து தவிக்கிற கிராமத்து மக்கள் பழையபடியே நிற்பாங்க. இப்படியே போனா எத்தனை டாக்டரை உருவாக்கினாலும் ஊருக்கு ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டார், இல்லையா?

கிறீன் எடுத்த முடிவு, அந்தக் காலத்துக்கு ரொம்பத் துணிச்சலானது. மருத்துவத்தையே தமிழுக்குக் கொண்டுவந்துடலாம்! தமிழில் படிச்ச வைத்தியர் தன் ஊரிலேயே இருப்பார், நோயாளி சொல்றதும் அவருக்கு நேரடியாப் புரியும் என்பது அவர் கணக்கு.

அதுக்கு முதலில் அவரே தமிழ் கற்றுக்கொண்டார். உடலமைப்பு, உடலியங்கியல், சுகாதாரம் பற்றிய ஒரு பாடநூல் 1852-லேயே தமிழில் வந்தது. பிறகு பிரசவ வைத்தியம், அறுவை சிகிச்சைக்கு இரணவைத்தியம், 1872-ல் மனுஷ அங்காதிபாதம் என வரிசையாக நூல்கள் வந்தன. கடைசியாச் சொன்னது என்ன தெரியுமா? இன்னைக்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் சுமக்கிற கிரேஸ் அனாட்டமிதான்! மாணவர்களும் இந்த மொழிபெயர்ப்பு வேலையில் கைகொடுத்தாங்க.

கலைச்சொற்களுக்கு அவர் ஒரு வரிசை வச்சிருந்தார். முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கான்னு தேடணும். இல்லைன்னா சமஸ்கிருதம். அதுவும் சரிவரலைன்னா ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு மாத்திக்கலாம். கெமிஸ்ட்ரி இப்படித்தான் கெமிஸ்தம் ஆச்சு. சில சொற்கள் இன்னைக்கு நமக்கு விநோதமாத் தெரியலாம். ஆனா வேலை நடந்துச்சு.

இடையில் சில வருஷம் அமெரிக்கா போய், 1862-ல் திருமணமாகித் திரும்பி வந்தார். 1864-லிருந்து வகுப்பே தமிழில் நடந்தது. அவரிடம் படித்து மருத்துவரானவர்கள் 60 பேருக்கு மேல். அதில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள். மொழி மட்டும் போதும்னும் அவர் நினைக்கலை. மாணவர்கள் ஐரோப்பியர் மாதிரி உடுத்தி, அவங்க மாதிரி நடந்துக்கறது அவருக்குப் பிடிக்காது. ஊர் மக்கள் தங்களில் ஒருத்தராப் பார்க்கிற வைத்தியர்தான் அவருக்கு வேணும். மதம் பரப்ப வந்தவர்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனா கிறிஸ்தவராக மாறினவங்ககூடத் தமிழராகவே இருக்கணும் என்பதில் உறுதியா இருந்தார்.

1873-ல் ஊர் திரும்பிய பிறகும் தமிழ் வேலையை விடலை. கெமிஸ்தம் நூல் 1875-ல்தான் வெளிவந்தது. 1884-ல் வூஸ்டரிலேயே காலமானார். தமிழர்களுக்கு மருத்துவப் பணி செய்தவர் என்ற அடையாளத்தைத் தன் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார். மானிப்பாயில் அவர் பெயரில் மருத்துவமனை இருக்கு. ஆனா தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பிறகு நீடிக்கலை. 1870-ல் கொழும்பில் ஆங்கிலத்தில் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் நிலைத்தது.

இதில் நமக்கு என்ன இருக்குன்னு கேட்கறீங்களா? ஹெல்த் ஆப், சென்சார், டெலிமெடிசின்னு நம்மில் பல பேர் ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்யறோம். டெமோ நாளில் எல்லாம் ஓடும். ஆனா அதில் வர்ற எச்சரிக்கை ஒரு கிராமத்துப் பாட்டிக்குப் புரியுமா? நெஞ்சு கரிக்குது, கிறுகிறுன்னு வருதுன்னு அவங்க சொன்னா அதுக்கு உங்க மெனுவில் இடம் இருக்கா? கோடு எழுதறதுக்கு முன்னாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரை நாள் உட்கார்ந்து, அங்க பேசற பேச்சைக் கேளுங்க. கிறீனும் தமிழைக் கத்துக்கிட்ட பிறகுதான் புத்தகத்தில் கை வச்சார்.