கோவா விடுதலையில் ஒரு பின்டோ

மயிலைப் பகுதிக் கோவில்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டுவோர் பெரைரா, டிசூசா, ரொசாரியோ, பின்டோ என்ற பெயர்களைக் காணாமல் இரார். நமக்கு முன் சென்றவர்கள் விசுவாசத்தோடு பெற்றுக்கொண்ட பெயர்கள் இவை. அத்தகைய பெயரைத் தாங்கிய ஒருவர், போர்த்துக்கீசியரின் கொடி கோவாவில் இறங்கியபோது நமது விமானப் படையை அங்கு நடத்தினார் என்பதை நம் பங்கு மக்களில் எத்தனை பேர் அறிவர்? அவர்தான் ஏர் வைஸ் மார்ஷல் எர்லிக் வில்மட் பின்டோ. இந்த ஜூபிலி மலரில் அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

முதலில் நம் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். லஸ் கோவில் கல்வெட்டு 1516 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கிறது. மயிலை மேற்றிராசனம் 1606-ல் போர்த்துக்கல் மன்னரின் ஆதரவின் கீழ் அமைக்கப்பட்டது. அந்நிய ஆட்சி நாட்டை விட்டு அகன்று நான்கு ஆண்டுகள் கடந்த பின்னும், அதாவது 1951 வரையிலும், சாந்தோமின் ஆயர் ஒரு போர்த்துக்கீசியரே. சென்னை மயிலை என்று இரு மேற்றிராசனங்களும் ஒன்றானது 1952-ல். ஆகவே 1961-ல் கோவா விவகாரம் முற்றியபோது மயிலைக் கத்தோலிக்கரை அது தொடாமல் போயிருக்க முடியாது. கிறிஸ்தவ நாகரிகத்தைக் காப்பதாக லிஸ்பன் உலகெங்கும் முழங்கிக்கொண்டிருந்தது. இங்கேயோ, கத்தோலிக்கரின் மனம் எந்தப் பக்கம் என்று ஐயுற்றவர்களும் இருந்தார்கள். இதை இன்று மறைப்பதற்கில்லை.

அந்த ஐயத்துக்கு மேடைப் பேச்சால் பதில் சொன்னவர் பலர். பின்டோ தம் அலுவலைச் செய்ததன் மூலம் பதில் சொன்னார்.

இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளில் வளர்ந்த விமானிகளின் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். 1933-ல் கராச்சியில் நான்கே நான்கு வபிட்டி விமானங்களோடு பறக்கத் தொடங்கிய சிறிய படை, முப்பது ஆண்டுகளுக்குள் ஹண்டர், கான்பெரா முதலிய ஜெட் விமானங்களைக் கொண்ட பெரும் படையாக உயர்ந்தது. துணியும் கம்பியும் கட்டிய விமானங்களின் காலத்திலிருந்து ஒலியின் வேகத்தை எட்டிப் பிடிக்கும் காலம் வரை படையைச் சுமந்து வந்தவர்கள் அத்தலைமுறையினரே. 1961-ல் பின்டோ ஆபரேஷனல் கமாண்டின் தலைமைத் தளபதி. கோவாவுக்கென ஒதுக்கப்பட்ட விமானங்கள் அனைத்தும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டன. புனேயிலும், பெல்காமை அடுத்த சாம்பிராவிலும் அவர் தளம் அமைத்தார்.

கோவாவில் போர்த்துக்கீசியருக்குப் போர் விமானம் ஒன்றுகூட இல்லை. எனவே இதை வானத்தில் நடந்த வீர யுத்தமாக நாம் வர்ணிக்கப் போவதில்லை. சிரமம் வேறிடத்தில் இருந்தது. தாபோலிம் ஓடுதளத்தைப் பயன்படாமல் செய்ய வேண்டும். ஆனால் நிலையக் கட்டடத்துக்கும் மற்ற வசதிகளுக்கும் சேதம் கூடாது. பாம்போலிம் வானொலி நிலையத்தை மௌனமாக்க வேண்டும். ஊருக்குள் குண்டு விழலாகாது. தாபோலிமிலிருந்து, புனித சவேரியாரின் திருவுடல் வைக்கப்பட்டுள்ள பழைய கோவாவின் போம் ஜேசு பசிலிக்கா வான்வழியில் சுமார் 16 கிலோமீட்டர்தான். கான்பெரா விமானத்துக்கு அது இரண்டு நிமிடப் பயணம்கூட அல்ல. அதே சவேரியார் 1545-ல் மயிலைக்கு வந்து, நான்கு மாதம் தங்கி, தோமையாரின் கல்லறையருகில் ஜெபித்தவர். அவருடைய திருநாள் டிசம்பர் 3. அது முடிந்து பதினைந்தாம் நாள் விமானங்கள் கிளம்பின. அந்தத் தளபதியின் உள்ளத்தில் என்ன ஓடியிருக்கும் என்று கற்பனை செய்ய நாம் முற்படவில்லை. நடந்ததை மட்டும் சொல்வோம்.

1961 டிசம்பர் 18 காலை, விங் கமாண்டர் மேனன் தலைமையில் 12 கான்பெராக்கள் தாபோலிம் ஓடுதளத்தின் மேல் சில நிமிடங்களில் 63,000 ராத்தல் குண்டுகளைப் பொழிந்தன. அதாவது ஏறத்தாழ 28 டன். பிறகு 8 கான்பெராக்கள் மீண்டும் வந்து தாக்கின. ஹண்டர்கள் பாம்போலிமைக் கவனித்துக்கொண்டன. ஓடுதளம் குழி குழியாயிற்று. நிலையக் கட்டடம் நின்றது. அங்கு நிறுத்தியிருந்த இரண்டு பயணிகள் விமானங்களையும் நமது விமானிகள் தொடவில்லை. அன்றிரவே போர்த்துக்கீசியர் குழிகளை அவசரமாக ஓரளவு நிரவி, அவ்விரண்டையும் இருளில் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கைக்கெட்டியது நழுவியது என்று இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. நமது அபிப்பிராயத்தில் அது குறையன்று. பயணிகள் விமானத்தை எரித்துவிட்டுப் பெருமை பேசுவதைவிட இது எவ்வளவோ மேல். மறுநாள் 19-ந் தேதி இரவு கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா சரணடைந்தார். கடைசி மூச்சு வரை போரிடும்படி சலாசர் இட்ட கட்டளையை அவர் நிறைவேற்றவில்லை. அதனால் தம் நாட்டில் பெருத்த அவமானம் அடைந்தாலும், கோவாவின் கோவில்களும் வீடுகளும் அழியாமல் நின்றதில் அந்தப் போர்த்துக்கீசியருக்கும் பங்கு உண்டு என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்வோம். 451 ஆண்டு ஆட்சி இரண்டே நாளில் முடிந்தது.

அடுத்த ஆண்டே சீனப் போர். நமது போர் விமானங்கள் அதில் தாக்குதலுக்கு அனுப்பப்படவில்லை. அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் சரக்கு விமானிகள் செய்த சேவையைச் சொல்லாமல் விடலாகாது. 1962 அக்டோபர் கடைசியில் சண்டிகரிலிருந்து ஏ.எம்.எக்ஸ். டாங்கிகள் ஆறும் ஆன்டனோவ் விமானங்களில் ஏற்றப்பட்டு, 14,000 அடிக்கும் மேலான சூசூல் மலைத்தளத்தில் இறக்கப்பட்டன. அந்த உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். சக்கரம் தரையைத் தொட்ட பின்னும் நிற்பதற்கு அதிகத் தூரம் வேண்டும். லடாக்குக்கான வான்வழி பின்டோவின் கமாண்டைச் சேர்ந்தது. 1963-ல் அதற்கு மேற்கு விமானக் கமாண்டு என்று பெயர் மாறிற்று.

அவ்வாண்டு நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. காஷ்மீர் எல்லையைப் பார்வையிடப் புறப்பட்ட ஓர் அலுவட் ஹெலிகாப்டரில் அவர் இருந்தார். லெப்டினன்ட் ஜெனரல்கள் தௌலத் சிங், பிக்ரம் சிங், மேஜர் ஜெனரல் நானாவதி, பிரிகேடியர் ஓபராய் ஆகியோர் உடன் இருந்தனர். ஓட்டியவர் பிளைட் லெப்டினன்ட் சோதி. பூஞ்ச் அருகே குறுக்கே சென்ற தந்திக் கம்பிகளில் ஹெலிகாப்டர் மோதி விழுந்தது. ஆறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சீக்கியர், பார்சி, கிறிஸ்தவர் என்று அந்தச் சிறிய கூண்டுக்குள் இருந்தவர்களின் பெயர்களைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. மூத்த அதிகாரிகள் பலர் ஒரே விமானத்தில் பயணம் செய்யலாகாது என்ற கட்டுப்பாடு நமது படைகளில் கடுமையானது இதற்குப் பிறகே.

அன்றே, நமது நேரப்படி நள்ளிரவை ஒட்டி, அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதி கென்னடி டல்லஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகத்தின் கண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியதால், பூஞ்ச் துயரம் பலர் நினைவில் நிற்காமல் போயிற்று. கென்னடியின் படம் கத்தோலிக்க வீடுகளில் மாட்டப்பட்டது. பின்டோவின் படத்தை நாம் எங்கும் கண்டதில்லை.

தாபோலிம் ஓடுதளம் பின்னர் செப்பனிடப்பட்டது. சவேரியாரைத் தரிசிக்க விமானத்தில் செல்லும் நம் பங்கு மக்கள் பலரும் இன்றும் அங்குதான் இறங்குகிறார்கள். நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். அம்மாதத்துப் பூசைக் கருத்துகளில், 22-ந் தேதிக்கு நேராக, எர்லிக் பின்டோவின் பெயரையும் அவரோடு மாண்ட ஐவரின் பெயர்களையும் எழுதிக் கொடுக்கும்படி பங்கு மக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.