உறைந்த ஆற்றங்கரையில் ஒரு திருப்பலி



தந்தை ஒருவர் தம் புதல்வர் இருவரையும் திராட்சைத் தோட்டத்திற்கு வேலைக்கு அனுப்பிய உவமையை நீங்கள் நன்கு அறிவீர்கள். மறுத்தவன் பின்னர் மனம் வருந்திப் போனான். போவதாகச் சொன்னவனோ போகவில்லை. இவ்வுவமையை வாசிக்கும் வேளைகளில், போவதாகச் சொல்லி, சொன்னபடியே போன மூன்றாவது மகன் ஒருவன் இருந்திருந்தால் அவன் எத்தகையவனாய் இருந்திருப்பான் என நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவன் சொன்ன நாளுக்கும் சென்று சேர்ந்த நாளுக்கும் இடையே நோயும் பனியும் வந்து வழியை மறித்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான்?

அத்தகைய மகன் ஒருவரின் வாழ்வையே இவ்வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் பெயர் ஜாக் மார்க்கெத். யேசு சபையைச் சேர்ந்த இளங்குரு. வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் பயணம் செய்தவர் என வரலாற்று நூல்கள் அவரைப் புகழ்கின்றன. ஆனால் அவருடைய உள்ளத்தை நமக்குக் காட்டுவது அந்தப் பெரிய ஆறன்று. ஒரு சிறிய ஆறு உறைந்து கிடந்த ஒரு பனிக்காலமே ஆகும்.

மார்க்கெத் 1637ஆம் ஆண்டு ஜூன் முதலாம் நாள் பிரான்ஸ் நாட்டின் லான் நகரில் பிறந்தார். அன்னை மரியா மீது சிறுவயது முதலே ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்த அவர், ஒன்பது வயதிலிருந்து சனிக்கிழமைகள் தோறும் அன்னைக்காக நோன்பிருந்து வந்தார். 1654இல் நான்சி நகரில் யேசு சபையின் நவதுறவியர் இல்லத்தில் சேர்ந்தார். குருத்துவத் திருநிலைப்பாடு பெற்ற அதே 1666ஆம் ஆண்டில் கடல் கடந்து கனடாவின் கியூபெக் நகரை வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது 29.

அங்கு அவர் செய்த முதல் வேலை போதிப்பதன்று, கற்பதே. அனுபவம் மிக்க அருட்தந்தை கபிரியேல் துருய்யேத்தின் காலடியில் அமர்ந்து பூர்வீகக் குடிகளின் மொழிகளைப் பயின்றார். சில ஆண்டுகளில் ஆறு மொழிகளில் உரையாடும் ஆற்றல் அவருக்குக் கைவந்தது. 1669இல் சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்த தூய ஆவி மறைத்தளத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். தெற்கே வெகு தொலைவில் வாழ்ந்த இல்லினோய் மக்கள், 30 நாட்கள் கால்நடையாகப் பயணம் செய்து அங்கு வருவதுண்டு. தங்கள் நாட்டிற்கும் வருமாறு அவர்கள் அவரை அழைத்தனர். அந்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த ஓர் இளைஞனிடம் அவர்களது மொழியை மார்க்கெத் கற்கத் தொடங்கினார். இவ்வாறு, அம்மக்களின் மண்ணை மிதிப்பதற்கு முன்பே அவர்களுடைய சொற்கள் அவர் நாவில் குடியேறின.

1672ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் நாள், அன்னையின் அமலோற்பவத் திருநாளன்று, லூயி ஜோலியே என்னும் ஆய்வுப் பயணி அவரைத் தேடி வந்தார். தெற்கே ஓடுவதாகக் கேள்விப்பட்ட பேராற்றைக் கண்டறியும் பணி ஜோலியேயிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மார்க்கெத் உடன் செல்வதற்கு மேலிடத்து அனுமதியும் வந்திருந்தது. 1673ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், எழுவர் இரண்டு மரப்பட்டை வள்ளங்களில் புறப்பட்டனர். ஜூன் 17ஆம் நாள் மிசிசிப்பியில் நுழைந்தனர். அன்னையின் நினைவாக மார்க்கெத் அதற்கு அமலோற்பவ ஆறு என்று பெயரிட்டார். அந்த ஆறு மெக்சிக்கோ வளைகுடாவில் கலக்கின்றது என்பதை உறுதிசெய்து கொண்டு, ஜூலை நடுப்பகுதியில் வந்த திசை திரும்பினர்.

திரும்பும் வழியில் கஸ்காஸ்கியா என்னும் இல்லினோய் கிராமத்தில் தங்கினர். அம்மக்கள் அவரை அன்போடு வரவேற்று, மீண்டும் வந்து தங்களுக்குப் போதிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டனர். வருவேன் என்று அவர் வாக்களித்தார். ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் நீண்ட அப்பயணத்தில் அவர் உதிர்த்த எத்தனையோ சொற்களில் அது ஒன்று. ஆனால் அந்தச் சொல்லே அவரது எஞ்சிய வாழ்வை வழிநடத்தியது.

வாக்களித்தவரை நோய் வந்து பற்றிக்கொண்டது. மிச்சிகன் ஏரியின் மேற்குப் புறத்திலிருந்த புனித பிரான்சிஸ்கு சவேரியார் மறைத்தளத்தை அடைந்தபோதே அவர் உடல் தளர்ந்திருந்தது. கடுமையான வயிற்றளைச்சல் ஓராண்டு காலம் அவரை அங்கேயே முடக்கியது. 1674 செப்டெம்பரில் சற்றுக் குணம் கண்டது. உடனே அனுமதி பெற்றுக்கொண்டு, ஒக்டோபர் 25ஆம் நாள் புறப்பட்டார். பியேர், ஜாக் என்னும் இரு பிரெஞ்சுத் துணைவர்கள் அவரோடு சென்றனர். பனிக்காலம் வாசலில் நிற்கும் வேளை அது. ஏரியில் குளிர்காற்று வீசியது. அலைகளுக்கு அஞ்சி நாட்கணக்கில் கரையில் ஒதுங்க வேண்டியிருந்தது. நவம்பர் மாத இறுதியில் நோய் மீண்டும் தலைதூக்கியது.

டிசெம்பர் 4ஆம் நாள், இன்று சிக்காகோ பெருநகர் எழுந்து நிற்கும் இடத்திலுள்ள ஆற்றின் முகத்துவாரத்தை அவர்கள் அடைந்தனர். ஆறு அரையடித் தடிப்புக்கு உறைந்து கிடந்தது. கரையெங்கும் வெண்பனி. வள்ளம் செல்ல வழியில்லை. நான்கு நாட்கள் கழித்து அமலோற்பவத் திருநாள் வந்தது. சிறுவயது முதல் அவர் நேசித்த திருநாள். ஆயினும் குளிரும் கொடிய காலநிலையும் அன்று திருப்பலி நிறைவேற்ற விடவில்லை. பின்னர் பொதிகளைப் பனியின் மீது இழுத்துக்கொண்டு, சில கிலோமீற்றர் உள்ளே சென்று ஒரு குடிலில் தங்கினர். அதற்கு மேல் செல்ல அவரது உடல் இடங்கொடுக்கவில்லை. பனிக்காலம் முழுவதையும் அங்கேயே கழிப்பது என முடிவாயிற்று. டிசெம்பர் 15ஆம் நாள், ஒரு வாரம் தாமதமாக, அன்னையின் அமலோற்பவத் திருப்பலியை அவர் அங்கு ஒப்புக்கொடுத்தார். அமலோற்பவத்தைத் திருச்சபை விசுவாசக் கோட்பாடாக அறிவிப்பதற்கு 180 ஆண்டுகளுக்கு முன்னர், ஆலயமும் மணியோசையும் இல்லாத அந்த வனாந்தரத்தில், இருவர் மட்டுமே பங்குகொண்ட திருப்பலி அது.

வாசகர்களே, அக்குடிலுக்குள் சற்று எட்டிப் பாருங்கள். குருவுக்கு வயது 37. நோய் இப்போது இரத்தக் கழிச்சலாக மாறிவிட்டது. மருத்துவமனை இல்லை. அவர் செல்ல விரும்பிய கிராமம் பனிக்கு அப்பால் இருக்கின்றது. போதிக்க வந்தவருக்குப் போதிப்பதற்கு மக்கள் இல்லை. நம்மில் எவராயினும் அந்நிலையில், ஆண்டவரே, இதற்காகவா என்னை அழைத்தீர் என்று கேட்டிருப்போம். மார்க்கெத் தம் குறிப்பேட்டில் அவ்வாறு முறையிடவில்லை. துணைவர்கள் வேட்டையாடிய காட்டெருமைகளையும் மான்களையும், வந்து போனவர்களையும், கிடைத்த உதவிகளையுமே குறித்து வைத்தார். நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றினார். துணைவர் இருவருக்கும் அடிக்கடி பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் வழங்கினார். புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளைச் செய்தார். தவக்காலம் வந்தபோது வெள்ளியும் சனியும் தவிர ஏனைய நாட்களில் தம்மால் நோன்பிருக்க இயலவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். உடல் முற்றாகத் தளர்ந்த பின்னரும், ஒன்பது வயதில் அன்னைக்குக் கொடுத்த சனிக்கிழமையை அவர் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவர் கொடுப்பவராக மட்டும் அங்கிருக்கவில்லை, பெறுபவராகவும் இருந்தார். தொலைவில் தங்கியிருந்த பிரெஞ்சு வணிகரும் ஒரு மருத்துவரும் அவரது நோயைக் கேள்வியுற்றனர். மருத்துவர் ஜனவரி மாதத்தில் பனியைக் கடந்து, சோளமும் உலர்ந்த காட்டுப் பழங்களும் கொண்டுவந்தார். ஆழ்ந்த பனியினால் வேட்டையாட முடியாமல் இல்லினோய் மக்களே பசியால் வருந்திய காலம் அது. அவ்வாறிருந்தும், அவர்களுடைய மூப்பர்கள் இரண்டு மூட்டை சோளம், உலர்ந்த இறைச்சி, பூசணி, பீவர்த் தோல்கள் என்பவற்றைத் தூதுவர் மூவர் வசம் அனுப்பினர். அவர்கள் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நடந்து வந்திருந்தனர். தங்களுக்கு வெடிமருந்து வேண்டும் எனவும் கேட்டனர். மார்க்கெத் மறுத்தார். எங்கும் சமாதானத்தை விதைக்கவே தாம் வந்திருப்பதாகவும், அயலவரான மியாமி மக்களுடன் அவர்கள் போர் தொடங்குவதைத் தாம் விரும்பவில்லை எனவும் எடுத்துரைத்தார். கோடரி, கத்திகள், மணிகள், கண்ணாடிகள் ஆகியவற்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். நோய் நீடித்தால் சில நாட்களுக்கேனும் கிராமத்திற்கு வருவதாகக் கூறி, பழைய வாக்கைப் புதுப்பித்து அனுப்பினார். தமக்கு உணவளிப்பவர்களிடம் இல்லை என்று சொல்வது எளிதன்று. பசியோடும் நோயோடும் இருந்த அவர் அதைச் சொன்னார்.

பெப்ரவரி மாதத்தில் மூவருமாக அமலோற்பவ அன்னையை நோக்கி நவநாள் செபத்தைத் தொடங்கினர். குணமடைந்து நீண்ட காலம் வாழவேண்டும் என்பதன்று அவரது வேண்டுதலின் உட்பொருள். கொடுத்த வாக்கை நிறைவேற்றும் அளவிற்கு வலிமை கிடைத்தால் போதும். இரத்தக் கழிச்சல் நின்றது. உடல் மெல்லத் தேறியது. இப்பயணத்திலேயே தாம் இறந்துவிடுவார் என்பதைத் துணைவர்களிடம் அவர் முன்னரே வெளிப்படையாகக் கூறியிருந்தார். நவநாளின் பயனாகக் கிடைத்தது சாவிலிருந்து விடுதலையன்று, சாவுக்கு முன் ஒரு தவணை மட்டுமே. அதற்கே அவர் நன்றி கூறினார்.

மார்ச் மாத இறுதியில் பனிக்கட்டி உடைந்தது. வெள்ளம் திடீரெனப் பெருகிக் குடிலைச் சூழ்ந்தது. பொருட்களை மரங்களில் ஏற்றிவிட்டு, அருகிலிருந்த மேட்டில் இரவைக் கழித்தனர். நான்கு மாதங்களாக வழியை மறித்த அதே நீர் இப்போது வழியாயிற்று. வெள்ளத்தின் மீதே வள்ளத்தைச் செலுத்தி, 1675 ஏப்ரல் மாதம் பரிசுத்த வாரத்தில் கஸ்காஸ்கியாவைச் சென்றடைந்தார். மக்கள் அவரை வானதூதரை வரவேற்பது போல் வரவேற்றனர்.

ஏப்ரல் 11ஆம் நாள், பெரிய வியாழன். கிராமத்தில் இடம் போதாமையால் அருகிலிருந்த புல்வெளியில் பாய்களும் கரடித் தோல்களும் விரிக்கப்பட்டன. கயிறுகளில் சீனப் பட்டுத் துணிகளைக் கட்டி, அவற்றில் அன்னையின் நான்கு பெரிய படங்களைத் தொங்கவிட்டார். 500 தலைவர்களும் முதியோரும் வட்டமாக அமர்ந்தனர். 1,500க்கும் மேற்பட்ட இளைஞர் பின்னே நின்றனர். பெண்களும் சிறுவரும் புறம்பாகத் திரண்டிருந்தனர். அம்மக்களின் மொழியிலேயே அவர் ஆண்டவரின் பாடுகளையும் மரணத்தையும் எடுத்துரைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். உயிர்ப்பு ஞாயிறன்று மீண்டும் திருப்பலி நிறைவேற்றி, அமலோற்பவ அன்னையின் பெயரால் அந்த மறைத்தளத்தை நிறுவினார். அவருக்குக் கிடைத்தவை அந்தச் சில நாட்களே. நோய் மீண்டும் முற்றவே, அவர் விடைபெற வேண்டியதாயிற்று. மக்கள் நெடுந்தூரம் உடன் வந்து வழியனுப்பினர்.

மே 18ஆம் நாள், மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் ஒரு சிற்றாற்றின் முகத்துவாரத்தில் துணைவர்கள் அவரைக் கரையேற்றினர். தம்மை அடக்கம் செய்ய வேண்டிய முறையை அவரே விளக்கினார். களைத்துப் போயிருந்த அவர்களை உறங்கச் சொல்லி, வேளை வரும்போது தாமே எழுப்புவதாகக் கூறினார். அவ்வாறே எழுப்பினார். பாடுபட்ட சுரூபத்தின் மீது கண்களைப் பதித்தவராய், இயேசு, மரியா என்னும் திருநாமங்களை உச்சரித்தபடி ஆண்டவரில் துயில்கொண்டார். 38 வயது நிறைவதற்கு இரு வாரங்களே இருந்தன.

இரண்டு ஆண்டுகளின் பின், சுப்பீரியர் ஏரிக்கரையில் அவரிடம் மறைக்கல்வி பெற்ற கிஸ்ககோன் குடியினர் வேட்டையிலிருந்து திரும்புகையில் அக்கல்லறையைத் தேடிச் சென்றனர். அவரது எலும்புகளை எடுத்துத் தூய்மை செய்து, மரப்பட்டைப் பேழையில் வைத்து, ஏறக்குறைய 30 வள்ளங்கள் ஊர்வலமாய்ப் பின்தொடர, மக்கினாக் நீரிணையிலிருந்த புனித இஞ்ஞாசியார் மறைத்தளத்திற்குக் கொண்டு வந்தனர். 1677 ஜூன் 9ஆம் நாள் அங்கிருந்த சிற்றாலயத்தில் அவை அடக்கம் செய்யப்பட்டன. பனிக்காலத்தில் உணவு சுமந்து வந்தவர்களும் பூர்வீக மக்கள். இறுதியில் அவரையே சுமந்து வந்தவர்களும் பூர்வீக மக்களே.

அன்பர்களே, திருச்சபை மார்க்கெத்தைப் புனிதர் வரிசையில் சேர்க்கவில்லை. ஆயினும் அவரது பனிக்காலம் நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றது. முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, முதியவர்கள் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான். சுவாமி, நான் இனி யாருக்கும் பயனில்லை என்பார்கள். அவ்வேளைகளில் உறைந்த ஆற்றங்கரைக் குடில் என் நினைவுக்கு வரும். அவர் போதித்த நாட்கள் சில. காத்திருந்த நாட்கள் நூற்றுக்கு மேல். அந்தச் சில நாட்களில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு, காத்திருந்த நாட்களின் திருப்பலிகளும் செபங்களுமே வேராக இருந்தன.

திருமண நாளில், குருத்துவ நாளில், பிள்ளைகளின் திருமுழுக்கு நாளில் நாமும் வாக்களித்தோம். பின்னர் நோய், வறுமை, மனக்கசப்பு எனப் பனிக்காலங்கள் வந்தன. முழு நோன்பையும் இருக்க இயலாவிடினும் வெள்ளியையும் சனியையும் விடாதிருப்போம். நடக்க இயலாத நாட்களில் புறப்பட்ட இடத்திற்குத் திரும்பாதிருப்போம். பனியை உருக்குவது நம் வேலையன்று, அது ஆண்டவருடையது. வழி திறக்கும்போது வள்ளத்தோடு ஆயத்தமாய் இருப்பதே நம் வேலை.

அமலோற்பவ அன்னையே, நாங்கள் கொடுத்த வாக்குகளை நிறைவேற்றும் வரையிலேனும் எங்களுக்கு வலிமை பெற்றுத் தாரும். ஆமென்.