ஒரு சொல்லுக்கு 134 பொருள் கண்ட டாக்டர் ஜான்சன்

"டேக்" என்பது ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல். எழுத்துக் கூட்டிப் படிக்கிற சிறுவனுக்கும் அது தெரியும். பொருள் கேட்டால், "எடு" என்று சட்டென்று சொல்லிவிடுவான்.

அந்த ஒரு சொல்லுக்கு 134 பொருள் உண்டு என்று ஒருவர் வரிசைப்படுத்திக் காட்டினார். அதை விளக்க அவருக்கு ஐந்து பக்கங்கள் வேண்டியிருந்தன. அதுவும் சாதாரணப் பக்கங்கள் அல்ல. மேஜையை அடைத்துக்கொள்ளும் பெரிய பக்கங்கள். ஏறத்தாழ 8,000 சொற்கள்!

அப்படிச் செய்தவர் பணக்காரர் அல்ல. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு கண் சரியாகத் தெரியாதவர். பல நாள் கடன்காரர்களுக்கு அஞ்சி வாழ்ந்தவர். அவர்தான் டாக்டர் சாமுவேல் ஜான்சன்.

புத்தகக் கடையில் வளர்ந்தவர்

ஜான்சன் 1709-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி இங்கிலாந்தில் லிச்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். தந்தை மைக்கேல் ஜான்சன் புத்தக வியாபாரி.

குழந்தைப் பருவத்திலேயே ஜான்சனைக் கண்டமாலை நோய் பற்றிக்கொண்டது. கண் பார்வை பழுதுபட்டது. காதும் மந்தமாயிற்று. நாட்டை ஆளுகிறவர் கை பட்டால் அந்த நோய் தீரும் என்பது அக்கால நம்பிக்கை. 1712-ல் தாய் அவரை லண்டனுக்குத் தூக்கிச் சென்றார். ஆன் ராணி குழந்தையைத் தொட்டார். கழுத்தில் ஒரு தங்கக் காசைக் கட்டினார்கள். நோய் தீரவில்லை. ஆனால் அந்தக் காசு ஆயுள் முழுவதும் அவர் கழுத்தில் இருந்தது.

தந்தையின் கடையில் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. பையன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தான். 1728-ல் ஆக்ஸ்போர்டில் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தபோது, அவன் படித்திருந்த புத்தகங்களைக் கண்டு ஆசிரியர்களே வியந்தார்கள்.

படிப்பு இருந்தது; பணம் இல்லை. செருப்பு கிழிந்து விரல் வெளியே தெரிந்தது. யாரோ ஒருவர் இரக்கப்பட்டுப் புதிய ஜோடு ஒன்றை அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஜான்சனுக்கு வந்ததே கோபம்! அதைத் தூக்கி எறிந்துவிட்டார். பதின்மூன்று மாதங்களில் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார்.

ஆசிரியர் வேலை தேடினார். முகத்தில் தழும்பு, உடம்பில் அடிக்கடி ஒரு துடிப்பு. பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று பயந்து பள்ளிக்கூடங்கள் அவரை ஏற்கத் தயங்கின. 1735-ல் எலிசபெத் போர்ட்டர் என்ற விதவையை மணந்தார். மனைவி அவரைவிட இருபது வயது மூத்தவர். அந்த அம்மையாரின் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பிள்ளைகள் சேரவில்லை. பள்ளியை மூடினார்.

அங்கே படித்த சிலரில் ஒருவர் டேவிட் காரிக். 1737-ல் குருவும் சீடரும் பிழைப்புத் தேடி ஒன்றாக லண்டனுக்குப் புறப்பட்டார்கள். சீடர் பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த நடிகர் ஆனார். குருவோ பத்திரிகைகளுக்கு எழுதி அரை வயிற்றுக் கஞ்சி குடித்தார்.

மூன்று ஆண்டில் முடிப்பேன்!

அந்நாளில் ஆங்கிலத்தில் நல்ல அகராதி இல்லை என்ற குறை அறிஞர்களுக்கு இருந்தது. அகராதிகள் இல்லாமல் இல்லை. 1604-ல் ராபர்ட் காட்ரி ஒன்று வெளியிட்டார். அது கடினமான சொற்களுக்கு மட்டுமே பொருள் சொல்லியது. 1730-ல் நாதன் பெய்லி வெளியிட்ட பெரிய அகராதியில் ஏறத்தாழ 48,000 சொற்கள் இருந்தன. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த சொற்களுக்கு அதில் அதிக இடம் இல்லை. தெரிந்த சொல்லுக்கு விளக்கம் எதற்கு என்று அக்காலத்தவர் எண்ணினார்கள்.

லண்டன் புத்தக வெளியீட்டாளர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து ஜான்சனிடம் வந்தார்கள். 1746-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. கூலி 1,500 கினி. அதாவது 1,575 பவுன். உதவியாளர் சம்பளம், காகிதச் செலவு எல்லாம் அதற்குள் அடக்கம்.

மூன்று ஆண்டில் முடிப்பதாக ஜான்சன் சொன்னார். பிரெஞ்சு அகாடமியின் 40 அறிஞர்கள் 40 ஆண்டு பாடுபட்டார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். ஜான்சன் உடனே கணக்குப் போட்டார். நாற்பதை நாற்பதால் பெருக்கினால் 1,600. ஆகவே ஓர் ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு 1,600 என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டார்!

லண்டனில் கவ் சதுக்கத்தில் 17-ம் எண் வீட்டை வாடகைக்கு எடுத்தார். மேல் மாடியில் வேலை நடந்தது. ஆறு எழுத்தர்களை அமர்த்தினார். அவர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஜான்சன் உட்கார்ந்த நாற்காலிக்கு மூன்றே கால்கள். சுவரில் சாய்த்து வைத்து அதில் அமர்ந்து படித்தார்.

ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன், பைபிள் என்று நூல் நூலாகப் புரட்டினார். ஒரு சொல் ஆளப்பட்டிருக்கும் நல்ல வாக்கியத்தைக் கண்டால் பென்சிலால் கோடிடுவார். ஓரத்தில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தைக் குறிப்பார். எழுத்தர்கள் அதைப் பிரதி எடுத்து வரிசைப்படுத்துவார்கள். அவரிடம் இரவல் தந்த புத்தகங்கள் உருக்குலைந்து திரும்பின. நண்பர்கள் புத்தகம் தரவே பயந்தார்கள்.

சின்னச் சொற்கள் செய்த கலகம்

வேலை வேகமாக நடந்தது. செடியின் பெயரா? ஒரே பொருள். கருவியின் பெயரா? இரண்டு வரி போதும். பெரிய பெரிய லத்தீன் சொற்கள்கூடச் சாதுவாக வரிசையில் நின்றன. கலகம் செய்தவை சின்னச் சொற்கள்தான். கம், கெட், கிவ், கோ, மேக், புட், ரன், செட், டேக், டர்ன் என்று வாயைத் திறந்தால் வருகிற சொற்கள்!

தமிழில் "பிடி" என்ற சொல் இருக்கிறது. மீன் பிடிக்கிறார்கள். சளி பிடிக்கிறது. ஒரு பாட்டு மனதுக்குப் பிடிக்கிறது. வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். எல்லாம் ஒரே பிடிதானா? ஆங்கிலத்தின் "டேக்" அப்படிப்பட்டது. கோட்டையைக் கைப்பற்றினாலும் டேக். மருந்து குடித்தாலும் டேக். மனம் மயங்கினாலும் டேக். வீட்டை வாடகைக்கு அமர்த்தினாலும் டேக்.

அதோடு போயிற்றா? அருகில் ஒரு சின்ன ஒட்டுச் சொல் வந்து நின்றால் பொருள் அடியோடு மாறிவிடுகிறது. "செட்" என்றால் வை. "செட் அவுட்" என்றால் பயணம் கிளம்பு. "செட் ஆஃப்" என்றால் அழகுபடுத்து என்றும் அக்காலத்தில் பொருள். "டேக் இன்" என்றால் ஏமாற்று. "செட்"டும் "அவுட்"டும் தனித்தனியே தெரிந்தவனுக்கும் இரண்டும் சேர்ந்தால் என்னவென்று தெரியாது. அயல் நாட்டார் ஆங்கிலம் கற்கும்போது தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதை ஜான்சன் கண்டார். அகராதி முழுவதும் இத்தகைய சேர்க்கைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

தொடக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கு வகுத்திருந்தார். முதலில் இயல்பான பொருள். அடுத்து அதிலிருந்து கிளைக்கும் பொருள். பிறகு உருவகப் பொருள், கவிஞர் வழக்கு, பேச்சு வழக்கு, கேலி வழக்கு. ஒவ்வொரு சொல்லும் இந்தப் படிகளில் இறங்கி வரும் என்று எதிர்பார்த்தார்.

சின்னச் சொற்கள் அந்தப் படிகளுக்கு அடங்கவில்லை. ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் இடையே எல்லை எங்கே என்று தெரியவில்லை. ஒரே வாக்கியத்தை இங்கும் வைக்கலாம், அங்கும் வைக்கலாம். விளக்கம் எழுதப் போனால் அதைவிட எளிய சொல் கிடைக்கவில்லை. எழுத்தர்கள் விட்டுவைத்த இடம் போதாமல் உதாரணங்கள் வழிந்தன. ஓரளவு வேலை முடிந்த நிலையில், எழுதி வைத்த கைப்பிரதியைக் கைவிட்டு வேறு முறையில் தொடங்க நேர்ந்தது என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மூன்று ஆண்டு ஓடிவிட்டது. பணமும் கரைந்தது. வெளியீட்டாளர்கள் பொறுமை இழந்தார்கள். வயிற்றுப் பாட்டுக்காக 1750 முதல் 1752 வரை வாரம் இரண்டு கட்டுரை வீதம் "ராம்ப்ளர்" என்ற ஏட்டை எழுதினார். அந்த ஏடு நின்ற அதே மார்ச் மாதத்தில் மனைவி எலிசபெத் காலமானார். ஜான்சன் இடிந்து போனார். கண் முன்னே பாதி அகராதி கிடந்தது.

ஆனாலும் விடவில்லை. சின்னச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உட்கார வைத்தார். "புட்" என்ற சொல்லுக்கு மட்டும் மூன்று பக்கம், 5,000 சொற்களுக்கு மேல். "டைம்" 20 பொருள். "டர்ன்" 16 பொருள்.

பிரபுவுக்கு ஒரு கடிதம்

1747-ல் அகராதித் திட்டத்தை ஜான்சன் செஸ்டர்பீல்டு பிரபுவுக்குக் காணிக்கையாக்கி இருந்தார். பிரபு பத்துப் பவுன் கொடுத்தார். அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. ஜான்சன் அவர் மாளிகையின் முன்கூடத்தில் காத்திருந்து திரும்பியதுதான் மிச்சம்.

அகராதி வெளிவரப் போகிறது என்று தெரிந்ததும், 1754-ம் ஆண்டுக் கடைசியில் பிரபு ஒரு பத்திரிகையில் இரண்டு பாராட்டுக் கட்டுரைகள் எழுதினார். புதிய ஜோட்டைத் தூக்கி எறிந்த அந்த மாணவன் ஜான்சனுக்குள் அப்படியே இருந்தான். 1755 பிப்ரவரியில் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்ணீரில் தத்தளிக்கும்போது பேசாமல் பார்த்திருந்துவிட்டு, கரை ஏறியபின் கை கொடுக்க வருவது உதவியாகுமா என்று மரியாதையாகவே கேட்டுவிட்டார். ஆங்கில எழுத்தாளர்கள் பிரபுக்களின் வாசலை விட்டு விலகி நிமிர்ந்த காலத்தின் அடையாளமாக அந்தக் கடிதத்தை இன்றும் சொல்கிறார்கள்.

அகராதி வந்தது

1755-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி அகராதி வெளியாயிற்று. இரண்டு பெரிய தொகுதிகள். 42,773 சொற்கள். சுமார் 1,14,000 மேற்கோள்கள். விலை நாலரைப் பவுன். முதலில் 2,000 பிரதிகள் அச்சாயின.

கடைசித் தாள் வந்து சேர்ந்ததும் வெளியீட்டாளர் மில்லர், இந்த மனிதரோடு வேலை முடிந்ததே என்று கடவுளுக்கு நன்றி சொன்னாராம். அதைக் கேட்ட ஜான்சன், மில்லர் எதற்காகவாவது கடவுளுக்கு நன்றி சொல்கிறாரே என்று மகிழ்ந்தாராம்!

பெய்லியின் நூலைவிட இதில் சொற்கள் குறைவு. ஆனால் பொருள்கள் பெருகியிருந்தன. ஆங்கிலம் எப்படி வாழ்கிறது என்பதை, நல்ல ஆசிரியர்களின் வாக்கியங்களைக் கொண்டே காட்டிய நூல் இது. பிழைகளும் உண்டு. குதிரையின் குளம்புக்கு மேலே உள்ள பகுதியின் பெயருக்கு, குதிரையின் முழங்கால் என்று பொருள் எழுதிவிட்டார். ஏன் இப்படி என்று ஒரு சீமாட்டி கேட்டார். அறியாமைதான் அம்மணி என்று ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். வேலை தொடங்கியபோது ஆங்கில மொழியை மாறாமல் நிலைநிறுத்திவிடலாம் என்று நம்பியவர் அவர். ஒன்பது ஆண்டு சொற்களோடு பழகிய பிறகு, அது வீண் ஆசை என்று முன்னுரையில் எழுதினார். மக்கள் வாயில் வழங்கும் சொல்லுக்கு அணை போட எந்த அகராதியாலும் முடியாது என்று தெளிந்தார்.

பென்ஷன் வந்த சங்கடம்

அகராதி புகழ் தந்தது, பணம் தரவில்லை. அடுத்த ஆண்டே, 5 பவுன் 18 ஷில்லிங் கடனுக்காகக் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பி மீட்டார். 1759-ல் தாயார் இறந்தபோது, ஈமச் செலவுக்காக "ராசலஸ்" என்ற கதையை ஒரே வாரத்தில் மாலை நேரங்களில் எழுதி முடித்தார்.

1762-ல் அரசாங்கம் ஆண்டுக்கு 300 பவுன் பென்ஷன் அளிக்க முன்வந்தது. இங்கேதான் சங்கடம். சொந்த நாட்டுக்குத் துரோகம் செய்ய அரசு தரும் கூலி என்ற பாணியில் "பென்ஷன்" என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் எழுதியிருந்தார் அவர்! வாங்கலாமா என்று நண்பர்களைக் கலந்தார். இனிச் செய்யப் போவதற்காக அல்ல, செய்து முடித்ததற்காகவே தருவதாக மந்திரி பியூட் பிரபு சொன்ன பிறகு ஏற்றுக்கொண்டார். அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு பாஸ்வெல் என்ற இளைஞர் நண்பரானார். ஜான்சனின் வாழ்க்கையை எழுதி அவரும் அழியாப் புகழ் பெற்றார். டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1765-லும், ஆக்ஸ்போர்டு 1775-லும் டாக்டர் பட்டம் அளித்தன. பட்டம் பெறாமல் வெளியேறியவரை அதே ஆக்ஸ்போர்டு இப்படிக் கௌரவித்தது.

1784-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி ஜான்சன் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். கவ் சதுக்கத்து வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.

அவருக்குப் பின் எழுந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, 1928-ல் நிறைவெய்தியது. ஜான்சன் எழுதிய விளக்கங்கள் பலவற்றை அது அவர் பெயரின் முதல் எழுத்தோடு ஏற்றுக்கொண்டது. 1989-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் "செட்" என்ற சொல்லுக்கு 430-க்கு மேல் பொருள்கள் இருந்தன. பிறகு திருத்தி எழுதியபோது "ரன்" அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்!

பெரிய சொற்கள் பலவற்றுக்கு இன்றும் ஒரு வரி போதும். சின்னச் சொற்களுக்குத்தான் பக்கங்கள் போதவில்லை.