ஆலிவர் ட்விஸ்ட் கதைக்குப் பின்னால் ஒரு 12 வயது சிறுவன்... சார்லஸ் டிக்கன்ஸ் மறைத்த ரகசியம் என்ன?

கையில் காலிக் கிண்ணம், வயிற்றில் பசி. இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டதுக்காக ஓர் அநாதைச் சிறுவனை அறையில் பூட்டி வைக்கிறார்கள். 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலின் இந்தக் காட்சி உலகப் புகழ்பெற்றது. இதை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸும் சின்ன வயசில் தனியாகப் பசியோடு அலைந்தவர்தான்.

சிறைக்குப் போன குடும்பம்

டிக்கன்ஸ் பிறந்தது 1812 பிப்ரவரி 7, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில். அப்பா ஜான், கடற்படைச் சம்பள அலுவலகத்தில் கிளார்க். வருமானம் இருந்தும் கையில் காசு தங்காது. 1824-ல் சுமார் 40 பவுண்டு கடனைக் கட்ட முடியாமல் லண்டனின் மார்ஷல்சீ சிறைக்குப் போனார். அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் அவருடனேயே சிறையில் குடியேறினர். அப்போது அதற்கு அனுமதி உண்டு.

12 வயது சார்லஸ் மட்டும் வெளியே. தேம்ஸ் நதிக்கரையில், எலிகள் ஓடும் ஒரு பழைய கட்டடத்தில் ஷூ பாலிஷ் கம்பெனி. டப்பாக்களை மூடி, நூல் கட்டி, லேபிள் ஒட்டும் வேலை. தினமும் 10 மணி நேரம். வாரத்துக்கு 6 ஷில்லிங் சம்பளம்.

உதவிய நண்பன் பெயர் வில்லனுக்கு

அங்கே நூல் கட்டச் சொல்லிக்கொடுத்தவன் பாப் ஃபேகின் என்ற அநாதைச் சிறுவன். ஒருநாள் சார்லஸுக்கு இடுப்பில் கடும் வலி. பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி ஒத்தடம் கொடுத்தான் பாப். மாலையில் வீடுவரை வருவேன் என அடம்பிடித்தான். சிறை விஷயம் தெரிஞ்சுடுமே எனப் பயந்த சார்லஸ், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று, இதுதான் என் வீடு என நடித்து அவனை அனுப்பிவைத்தார்.

பின்னாளில் ஆலிவர் ட்விஸ்ட்டில் சிறுவர்களைத் திருட வைக்கும் வில்லனுக்கு அவர் வைத்த பெயர், ஃபேகின்!

அப்பா விடுதலையான பிறகும் சார்லஸ் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஒருவழியாக அப்பா அவரை நிறுத்தியபோது, அம்மா திரும்ப அனுப்பப் பார்த்தார். அந்த வலி டிக்கன்ஸுக்குக் கடைசிவரை ஆறவே இல்லை.

ஆலிவர் யாரைக் குறிக்கிறான்?

1834-ல் வந்த ஏழைகள் சட்டம், உதவி வேண்டுமென்றால் விடுதிக்குள் வா என்றது. அங்கே அரைவயிற்றுச் சாப்பாடு, கணவன் மனைவி பிரிப்பு. 1837 முதல் 1839 வரை தொடராக வந்த ஆலிவர் ட்விஸ்ட், நேராக இதைத்தான் தாக்கியது. திருடர்கள் நடுவே வாழ்ந்தும் ஆலிவர் கெட்டுப்போகவில்லை. குற்றவாளி அந்தச் சிறுவன் இல்லை, பசித்தவனைத் தண்டிக்கும் சட்டம்தான் என்று காட்டினார் டிக்கன்ஸ்.

ஆனால் அவரும் ஒரு அநீதி செய்தார். ஃபேகினை யூதர் என்றே நாவல் முழுக்கக் குறிப்பிட்டார். 1863-ல் எலிசா டேவிஸ் என்ற யூதப் பெண் கடிதம் எழுதித் தட்டிக்கேட்டார். அதன் பிறகு வந்த பதிப்பில், அந்தச் சொல்லைப் பல இடங்களில் டிக்கன்ஸே நீக்கினார்.

வெளியே வந்த உண்மை

1870 ஜூன் 9-ல், 58 வயதில் டிக்கன்ஸ் இறந்தார். ஷூ பாலிஷ் கம்பெனி கதை அவர் பிள்ளைகளுக்கே தெரியாது. நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் பின்னர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அது வெளிவந்தது.

ஊரே அழுத ஆலிவருக்குப் பின்னால் யார் இருந்தார் என்று வாசகர்களுக்கு அப்போதுதான் புரிந்தது.